மோட்டார் சைக்கிளின் மின்கணக்கு

விடியற்காலை ஐந்து மணி. கெடாவில் பீடோங், பாடாங் செராய், கோலக்கெட்டில் வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த நேரத்தின் ஓசைகள் நன்றாகத் தெரியும். முதலில் சேவல் கூவும். அடுத்து, ஏதோ ஒரு வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்கும். பால்மரம் சீவுபவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே தங்கள் நிரைக்குப் போய்ச் சேர வேண்டும். இரவில் நீரை உறிஞ்சி நிற்கும் மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும் வேளை அது. அப்போது சீவினால்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து பாலும் குறைந்துவிடும். அதனால்தான் இந்த வேலைக்கு இருட்டிலேயே புறப்பட வேண்டியிருக்கிறது. செம்மண் பாதை, குழிகள், சில நேரங்களில் குறுக்கே ஓடும் காட்டுப்பன்றி. இவற்றுக்கு நடுவே நம்பிப் போவதற்கு இருப்பது மோட்டார் சைக்கிளின் விளக்கு ஒன்றுதான்.

எல்லாரும் 'கப்சாய்' என்று அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிள்தான் தோட்டத்திலும் பட்டணத்திலும் மிகுதியாக ஓடுகிறது. நம் மாநிலத்துக்கும் இந்த வண்டிக்கும் ஒரு தனி உறவு உண்டு. ஜெராய் மலையின் அடிவாரத்தில் உள்ள குரூணில்தான் மொடெனாஸ் தொழிற்சாலை அமைந்துள்ளது. 1996இல் அங்கிருந்து வெளிவந்த 'கிரிஸ்', மலேசியாவின் தேசிய மோட்டார் சைக்கிளாகப் பெயர் பெற்றது. வண்டி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், வாங்கிய சில மாதங்களில் உரிமையாளர் அதில் ஏதாவது ஒன்றைக் கூடுதலாகப் பொருத்திவிடுகிறார். கூடுதல் விளக்கு, பெரிய ஒலிப்பான், கைப்பேசி மின்னேற்றி என்று அந்தப் பட்டியல் நீளும். இரவுச்சந்தையில் இவை மலிவாகவே கிடைக்கின்றன. பொருத்துவதும் எளிது போலத்தான் தோன்றும். சிவப்புக் கம்பியை மின்கலத்தின் நேர்முனையிலும் கறுப்புக் கம்பியை எதிர்முனையிலும் முடுக்கினால் விளக்கு எரிந்துவிடும். ஆனால், எரிந்துவிட்டது என்பதாலேயே இணைப்பு சரியானது என்று ஆகிவிடாது.

இதை நான் கற்றுக்கொண்டது என் சித்தப்பாவின் வண்டியில். 1990களின் பிற்பகுதி அது. பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவர் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். வண்டியின் முகப்பு விளக்கு மங்கலாக இருக்கிறது என்று, பழைய காரிலிருந்து கழற்றிய 55 வாட் விளக்கு ஒன்றைக் கைப்பிடிக்குக் கீழே பொருத்திக்கொண்டார். பாதை பகல் போலத் தெரிந்தது. தோட்டத்தில் பலரும் அதைப் பார்த்து மெச்சினார்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, சுங்கைப் பட்டாணிக்குப் போகும் பெரிய சாலையில் அவர் வேகத்தைக் குறைத்தபோது, பின்னால் வந்த லாரி கடைசி நொடியில் வளைந்து அவரை உரசாமல் கடந்து போனது. லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"என்னாங்க, பிரேக் லைட்டே எரியலையே! நீங்க நிக்கப் போறது எனக்கு எப்படித் தெரியும்?"

முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்விளக்கும் எரிந்தது. ஆனால், பிரேக் விளக்கு எரியவில்லை. சமிக்ஞை விளக்கு மினுக்கவில்லை. ஒலிப்பான் முனகக்கூட இல்லை. பாதையைப் பார்ப்பதற்காகப் பொருத்திய விளக்கு, மற்றவர்கள் அவரைப் பார்க்க உதவும் விளக்குகளை அணைத்திருந்தது. இது எப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, வண்டிக்குள் மின்சாரம் எங்கே பிறந்து எங்கே போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

காந்தம் ஒன்றைக் கம்பிச்சுருளின் அருகே அசைத்தால் அந்தச் சுருளில் மின்னோட்டம் தோன்றும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். மோட்டார் சைக்கிளின் மின்னாக்கி செய்வதும் அதைத்தான். இயந்திரம் சுழலும்போது அதனுடன் சேர்ந்து காந்தங்கள் பதித்த சக்கரம் ஒன்று சுழல்கிறது. அதன் உள்ளே அசையாமல் இருக்கும் கம்பிச்சுருள்களில் மின்சாரம் உண்டாகிறது. இது திசை மாறி மாறிப் பாயும் மாறுதிசை மின்னோட்டம். மின்கலத்தில் சேமிக்க வேண்டுமானால் ஒரே திசையில் பாயும் நேர்திசை மின்னோட்டம் தேவை. ஆகவே, மின்திருத்தி என்னும் சிறு பெட்டி அதை ஒரே திசைக்குத் திருப்புகிறது. அதே பெட்டி மின்னழுத்தம் அளவு மீறாமலும் பார்த்துக்கொள்கிறது. பிறகுதான் மின்சாரம் மின்கலத்துக்கு வருகிறது.

தோட்டத்து வீடுகளில் மழைநீர் பிடிக்கும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையிலிருந்து விழும் நீர்தான் மின்னாக்கி. தொட்டிதான் மின்கலம். தொட்டியில் எத்தனை குழாய் வேண்டுமானாலும் பொருத்தலாம். ஆனால், அதனால் கூரையிலிருந்து விழும் நீர் ஒரு சொட்டும் கூடிவிடாது. காரின் மின்னாக்கியோடு ஒப்பிட்டால் கப்சாயின் மின்னாக்கி மிகச் சிறியது. இயந்திரம் நடுத்தர வேகத்தில் ஓடும்போது அது தருவது ஏறக்குறைய நூறு வாட். நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போது அதிலும் குறைவு.

பழைய கப்சாய் வண்டிகள் பலவற்றில் மின்னாக்கியின் சுருள் இரண்டு பங்காக இருக்கும். ஒரு பங்கு முகப்பு விளக்குக்கும் பின்விளக்குக்கும் நேரடியாகப் போகும். அதனால்தான் அந்த வண்டிகளில் முறுக்கினால் விளக்கு பிரகாசிக்கும், விட்டால் மங்கும். மற்றொரு பங்கு மட்டுமே மின்கலத்துக்கு வரும். ஒலிப்பான், சமிக்ஞை விளக்கு, பிரேக் விளக்கு ஆகிய மூன்றும் மின்கலத்தை நம்பியவை. அவை எப்போதாவது சில நொடிகள் வேலை செய்பவை என்பதால், அந்தச் சிறு பங்கே அவற்றுக்குப் போதும் என்று கணக்கிட்டு வண்டியை வடிவமைத்திருந்தார்கள். சித்தப்பா தன் 55 வாட் விளக்கை அந்தச் சிறு தொட்டியில்தான் பொருத்தினார்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 55ஐ 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.6 ஆம்பியர். மெதுவாகப் போகும் வண்டியில் மின்கலத்துக்கு வரும் வரவு ஓர் ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். செலவு 4.6, வரவு 1. ஆக மணிக்கு 3.6 ஆம்பியர் மணி வீதம் மின்கலம் இழக்கிறது. காலையில் நிரைக்குப் போக அரை மணி நேரம் ஆனால் இழப்பு 1.8 ஆம்பியர் மணி. வேலை முடிந்து வெயிலில் விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் திரும்பி வரும்போது மீண்டும் சேர்வது 0.5 ஆம்பியர் மணி. ஒரு நாளுக்கு நிகர இழப்பு 1.3 ஆம்பியர் மணி. கப்சாயின் மின்கலம் கொள்ளும் மொத்த அளவோ 5 ஆம்பியர் மணியை ஒட்டியதுதான். நான்காம் நாள் தொட்டி காலி! லாரிக்காரர் பார்த்தது அந்த நான்காம் நாளைத்தான்.

இயந்திரம் மட்டும் எப்படி ஓடியது என்று நீங்கள் கேட்கலாம். அக்கால வண்டிகள் பலவற்றில் தீப்பொறிக்கான மின்சாரம் மின்னாக்கியிலிருந்தே நேராக வந்தது. மின்கலம் செத்தாலும் உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். அந்த வசதியே ஆபத்தாகவும் ஆனது. மின்கலம் செத்ததை ஓட்டுபவர் அறியவே மாட்டார். இன்று எரிபொருளைப் பீய்ச்சும் முறையில் இயங்கும் வண்டிகளில் எரிபொருள் இறைக்கும் பம்புக்கே மின்சாரம் வேண்டும். மின்கலம் முழுவதும் தீர்ந்துவிட்டால் அவற்றைக் கிளப்புவதே பெரும்பாடு. விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்தின் நடுவில் அப்படி நின்றுபோன வண்டியைத் தள்ளியவர்களுக்கு அதன் எடை தெரியும்.

வண்டியின் மின்செலவில் நாம் தொட முடியாத ஒரு பங்கும் உண்டு. மலேசியாவில் மோட்டார் சைக்கிளோட்டிகள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி 1992இல் நடைமுறைக்கு வந்தது. எதிரே வருபவர் கண்ணில் வண்டி சட்டென்று பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். செரம்பானிலும் ஷா ஆலாமிலும் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தபோது, வண்டி கண்ணில் படாமையால் நேரும் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்திருந்ததைக் கண்டார்கள். எனவே, 35 வாட் முகப்பு விளக்கு இரவுச் செலவு மட்டுமன்று. நாள் முழுவதுமான செலவு. எடுத்துக்காட்டாக, நூறு வாட் வரவில் முகப்பு விளக்குக்கு 35, பின்விளக்குக்கும் வேகமானி விளக்குகளுக்கும் 10, தீப்பொறிக்கும் எரிபொருள் பம்புக்கும் 30 என்று கழித்தால், மீதி 25 வாட். அதிலும் மின்கலம் நிரம்புவதற்குக் கொஞ்சம் விட்டு வைக்க வேண்டும். கூடுதல் கருவிகளுக்கு நம் கையில் இருப்பது பதினைந்திலிருந்து இருபது வாட் வரைதான். இந்த எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால், கையிருப்பு சிறியது என்பது எல்லாக் கப்சாய்களுக்கும் பொருந்தும்.

அந்தக் கையிருப்பில் எதெது அடங்கும்? கைப்பேசி மின்னேற்றி அடங்கும். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் தரும் மின்னேற்றியின் திறன் 10 வாட். மாற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் அது வண்டியிடம் கேட்பது 12 வாட், அதாவது ஓர் ஆம்பியர். ஒரு சோடி 10 வாட் எல்.இ.டி. விளக்குகளுக்கு 20 வாட் வேண்டும். அவற்றை மட்டும் பொருத்தினால் எல்லையைத் தொட்டபடி ஓடலாம். மின்னேற்றியையும் அவற்றையும் சேர்த்து எப்போதும் எரியவிட்டால் கணக்கு உதைக்கும். பெரிய ஒலிப்பான் கேட்கும் மின்னோட்டம் அதிகம். ஆனால், அது சில நொடிகளே ஒலிப்பதால் மின்கலம் தாங்கிக்கொள்ளும். நாள் முழுவதும் அதை அழுத்திக்கொண்டே போகும் பழக்கம் உள்ளவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

சித்தப்பாவின் வண்டியைச் சுங்கைப் பட்டாணியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்கார ஐயா மின்கலத்தைப் பார்ப்பதற்கு முன் கைப்பிடித் தண்டின் கழுத்துப் பகுதியைப் பார்த்தார். கைப்பிடி இடமும் வலமும் திரும்பும்போதெல்லாம் கூடுதல் விளக்கின் கம்பி இரும்பில் உரசியிருந்தது. மேலுறை தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா, உங்க விளக்கு வண்டியையே கொளுத்தியிருக்கும்" என்றார். சித்தப்பா சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. அந்தக் கம்பியில் உருகி இல்லை.

'பியூஸ்' என்று பட்டறைகளில் சொல்லப்படும் உருகியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. அது விளக்கையோ மின்னேற்றியையோ காப்பதற்காக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பது கம்பியை. மோட்டார் சைக்கிளின் இரும்புச் சட்டகம் மின்கலத்தின் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. நேர்முனையிலிருந்து வரும் கம்பியின் உறை தேய்ந்து, செம்பு சட்டகத்தைத் தொட்டால், மின்சாரம் விளக்கின் வழியாகப் போகாமல் குறுக்கு வழியில் பாயும். இதுதான் குறுக்குச் சுற்று. வழியில் தடை ஏதும் இல்லாததால், கையளவு மின்கலம்கூட அந்த நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் பாய்ச்சக்கூடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும்; பத்து மடங்கானால் நூறு மடங்காகும். நெகிழி உறை உருகுவதற்குச் சில நொடிகள் போதும். இருக்கைக்குக் கீழே, எரிபொருள் கலத்துக்குப் பக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

உருகிக்குள் இருப்பது மெல்லிய உலோகத் துண்டு. குறித்த அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால், கம்பி சூடேறுவதற்கு முன் அது உருகி அறுந்து சுற்றைத் துண்டித்துவிடும். ஆகவே, உருகியை விளக்குக்குப் பக்கத்தில் வைப்பதால் பயனில்லை. மின்கலத்தின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். உருகிக்கு முன்னால் உள்ள கம்பிக்குப் பாதுகாப்பு கிடையாது. அந்தப் பகுதி எவ்வளவு குறுகியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

எத்தனை ஆம்பியர் உருகி வேண்டும்? கருவி எடுக்கும் மின்னோட்டத்தைப் போல ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மடங்கு என்பது நல்ல அளவு. மின்னேற்றிக்கு 1, விளக்குச் சோடிக்கு 1.7, மொத்தம் 2.7 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 4 வருகிறது. கடையில் கிடைப்பவற்றுள் அதற்கு அடுத்தது 5 ஆம்பியர். தட்டையான உருகிகளுக்கு உலகெங்கும் ஒரே நிறக் குறியீடு உள்ளது: 3 ஆம்பியர் ஊதா, 5 வெளிர்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம். அந்த 5 ஆம்பியரை அச்சமின்றித் தாங்கும் தடிமனில் கம்பி இருக்க வேண்டும், 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். உருகி அடிக்கடி அறுந்தால், எங்கோ தவறு இருக்கிறது என்பதற்கான அறிவிப்பு அது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை உருகியில் சுற்றிச் செருகும் வித்தையைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து போடுவதற்கு ஒப்பான செயல் அது.

அடுத்த கேள்வி, மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பது. மின்கலத்திலிருந்து நேராக எடுத்தால், சாவியை அணைத்த பிறகும் கருவியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். கைப்பேசியைச் செருகாவிட்டாலும் மின்னேற்றியின் உட்பகுதியும் அதன் சிறு நீல விளக்கும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். அது 0.02 ஆம்பியர் என்று வைத்தால், 5 ஆம்பியர் மணி மின்கலத்தை 250 மணி நேரத்தில், அதாவது பத்தே நாளில் தீர்த்துவிடும். பள்ளி விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் மின்கலம் காலியாகியிருக்கும். முழுவதும் தீர்ந்த நிலையில் கிடக்கும் ஈய மின்கலத்தின் தகடுகளில் உப்புப் படிந்துவிடுவதால், மறுபடி மின்னேற்றினாலும் அது பழையபடி உழைப்பதில்லை.

எனவே, சாவியைத் திருகினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியிலிருந்து எடுப்பதே முறை. அந்தக் கம்பியைக் கண்டுபிடிப்பதில்தான் புதியவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். யமஹா வண்டிகளில் சாவிக்குப் பின் வரும் கம்பி பழுப்பு நிறம். சட்டகத்தோடு சேரும் எதிர்முனைக் கம்பி கறுப்பு. ஹோண்டா வண்டிகளில் எதிர்முனைக் கம்பி பச்சை. சாவிக்குப் பின் மின்சாரம் வரும் கம்பியே கறுப்பு! யமஹாவில் பழகிய ஒருவர், 'கறுப்பு என்றால் எதிர்முனை' என்ற நினைப்பில் ஹோண்டாவின் கறுப்புக் கம்பியைச் சட்டகத்தோடு சேர்த்தால், சாவியைத் திருகிய உடனே குறுக்குச் சுற்று ஏற்படும். நிறத்தை நம்பாமல் சோதித்துப் பார்ப்பதே நல்லது. மல்டிமீட்டர் இல்லாவிட்டால், 12 வோல்ட் சிறு குமிழ் ஒன்றில் இரண்டு கம்பிகளைக் கோத்துச் சோதனை விளக்கு செய்துகொள்ளலாம். ஒரு கம்பியைச் சட்டகத்தில் தொட்டுக்கொண்டு, மற்றதைச் சோதிக்க வேண்டிய கம்பியில் வைத்தால், மின்சாரம் வரும்போது குமிழ் எரியும். சாவியை அணைத்தால் அணையும்.

சாவிக்குப் பின் வரும் கம்பியும் மெலிந்ததே. மின்னேற்றியின் ஓர் ஆம்பியரை அது தாங்கும். விளக்குகளையும் அதன் தலையிலேயே ஏற்றினால், சாவிப் பூட்டின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் கருகத் தொடங்கும். அதற்குத்தான் ரிலே. இது மின்காந்தத்தால் இயங்கும் ஆள்மாற்று. பெரிய அதிகாரியின் சிறு கையெழுத்தால் கிடங்கின் பெரிய கதவு திறப்பது போன்றது இதன் வேலை. சாவிக் கம்பியிலிருந்து 0.15 ஆம்பியர் அளவு மின்னோட்டம் ரிலேயின் சுருளுக்குப் போனால் போதும். சுருள் காந்தமாகி உள்ளே இருக்கும் தொடுமுனையை இழுத்து மூடும். விளக்குக்கான மின்னோட்டம் முழுவதும் மின்கலத்திலிருந்து உருகி வழியாகத் தனிப் பாதையில் பாயும். ரிலேயின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். 85, 86 என்பன சுருளின் இரு முனைகள். 30இல் மின்கலத்திலிருந்து வரும் கம்பி. 87இல் விளக்குக்குப் போகும் கம்பி.

வேலையைத் தொடங்கும்போது மின்கலத்தின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும்; முடிக்கும்போது அதைக் கடைசியாக முடுக்க வேண்டும். காரணம் எளிது. நேர்முனையை முதலில் கழற்றும்போது கைச்சாவி தவறிச் சட்டகத்தைத் தொட்டால் அந்தச் சாவியே குறுக்குச் சுற்றாகிவிடும். எதிர்முனை ஏற்கெனவே கழன்றிருந்தால், தொட்டாலும் ஒன்றும் நேராது.

கம்பிகளைச் சேர்ப்பதில் பொறுமை வேண்டும். வெறுமனே முறுக்கிக் கறுப்பு ஒட்டுநாடா சுற்றிய இணைப்பு கெடாவின் செப்டம்பர், அக்டோபர் மழையைத் தாங்காது. வெயிலில் பசை இளகும், மழையில் நீர் புகும், செம்பில் பச்சைப் பூஞ்சு போலப் படிவு ஏறும், தடை கூடும், அந்த இடம் சூடாகும். இணைப்பை நசுக்கிப் பிடிக்கும் உலோக முனையால் இறுக்கி, சூடுபட்டால் சுருங்கும் குழாயை அதன்மேல் போர்த்த வேண்டும். கம்பியைப் புகைபோக்கியின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கைப்பிடியின் கழுத்தருகே, இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட வேண்டும். சித்தப்பாவின் கம்பி தேய்ந்தது அந்த இடத்தில்தான்.

விளக்கு எங்கே ஒளி வீசுகிறது என்பதும் முக்கியம். தோட்டப் பாதையில் உதவும் விளக்கு, கூலிம் சாலையில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யலாம். கண்ணைக் கூசும் விளக்குகளுக்கும் விருப்பம்போல் செய்யும் மாற்றங்களுக்கும் சாலைப் போக்குவரத்துத் துறை தண்டம் விதிக்கும். பதினாறு வயது நிரம்பினால்தான் மோட்டார் சைக்கிள் உரிமம் பெற முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். வண்டியை ஓட்ட வயது வராதவர்களும் அதன் மின்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு உரிமம் வேண்டியதில்லை.

சித்தப்பா இப்போது மரம் சீவுவதில்லை. அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை, சுங்கைப் பட்டாணியில் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறான். நாள் முழுவதும் கைப்பேசியில் வரைபடம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கைப்பேசி அணைந்தால் அன்றைய வருமானமும் அணைந்துவிடும். போன மாதம் மின்னேற்றியையும் ஒரு சோடி எல்.இ.டி. விளக்குகளையும் வாங்கி வந்தான். நாங்கள் மூவரும் வாசலில் உட்கார்ந்து பொருத்தினோம். உருகி 5 ஆம்பியர், மின்கலத்திலிருந்து ஒரு சாணுக்குள். மின்னேற்றிக்கும் விளக்குகளுக்கும் தனித்தனிப் பொத்தான்.

முடித்ததும் மல்டிமீட்டரை மின்கலத்தின் இரு முனைகளில் வைத்தோம். இயந்திரம் ஓடாதபோது 12.6 வோல்ட், நல்ல நிலையில் இருக்கும் மின்கலத்தின் அளவு அது. இயந்திரத்தைக் கிளப்பி முறுக்கியபோது 14.1. மின்கலம் நிரம்புகிறது என்று பொருள். 15ஐத் தாண்டியிருந்தால் மின்திருத்தி பழுது என்று கொள்ள வேண்டும். பிறகு எல்லாவற்றையும் போட்டுவிட்டு, முறுக்காமல் நின்ற நிலையில் வைத்தோம். எண் 13, 12.7, 12.4 என்று இறங்கிக்கொண்டே வந்தது.

"சிக்னல்ல நிக்கிறப்ப எல்லாம் இப்படி எறங்குமாண்ணே?" என்று தம்பி கேட்டான்.

"எறங்கும். டவுன்ல தெரு விளக்கு இருக்குல்ல, அந்த ரெண்டு விளக்கையும் அணைச்சுடு. மின்னேற்றி மட்டும் ஓடட்டும்" என்றேன். பொத்தானை அணைத்தான். எண் மெல்ல ஏறத் தொடங்கியது.

சித்தப்பா மீட்டரைப் பார்க்கவே இல்லை. எழுந்து வண்டியின் பின்பக்கம் போய் நின்றார்.

"பிரேக்கைப் பிடி" என்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"விடு. இன்னொரு வாட்டி பிடி."

மறுபடியும் எரிந்தது. பிறகுதான் அவர் உள்ளே போய்த் தேநீர் கேட்டார்.